கடை வராத மாடிகள்: பறக்கும் ரயிலில் ஒரு மார்கழி வாரம்

டிசம்பர் 15, 2024, ஞாயிறு – வேளச்சேரி

அத்தானுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. "நீ வந்து பக்கத்துல இரு, அது போதும்" என்று அக்கா போனில் சொன்னதை நம்பிப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தால், இங்கே எனக்கு வேலையே இல்லை. காலையில் சொட்டு மருந்து, மதியம் சொட்டு மருந்து, ராத்திரி சொட்டு மருந்து. மற்ற நேரமெல்லாம் அத்தான் கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்கிறார். "மாப்ள, என் மூஞ்சியவே எவ்வளவு நேரந்தான் பாத்துக்கிட்டு இருப்பீரு? போய் ஊரச் சுத்திட்டு வாரும்வே" என்று அவரே விரட்டிவிட்டார்.

நான் பிழைப்பது கட்டட வேலையில். சைட் சூப்பர்வைசர். கோயிலுக்குப் போனாலும் முதலில் தூணைத்தான் பார்ப்பேன், சாமி அப்புறம். அப்படிப்பட்டவன் கண்ணில் வேளச்சேரி ரயில் நிலையம் பட்டால் என்ன ஆகும்? சாயங்காலம் அக்கா மகளோடு பால் வாங்கப் போனவன் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். எங்கள் பக்கம் ஜங்ஷன் என்று பெயர் வாங்கிய நிலையங்கள்கூட இதில் ஒரு மூலையில் அடங்கிவிடும். தூணும் உத்தரமும் அவ்வளவு கனம். தளத்துக்கு மேல் தளம். உள்ளே போனால் ஒரு டிக்கெட் கவுன்டர், ஒரு தானியங்கி மெஷின், படிக்கட்டு. மிச்சமெல்லாம் காலி. சுவர்கூட வைக்காமல் விட்ட கூடங்கள்.

"என்னம்மா இது, இம்புட்டு இடம் சும்மா கெடக்கு?"

"அது ஸ்டேஷன் இல்ல மாமா, கல்யாண மண்டபம். பந்தல் போட்டாச்சு, பந்தி விரிச்சாச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் இன்னும் வரல."

அவள் வேலை டைடல் பார்க் பக்கம். தினமும் இதே ரயிலில் திருவான்மியூர் வரைக்கும் போய்வருகிறவள். கேலி செய்ய உரிமை உண்டு.

தூண்மேல் ஓடுவதால் பறக்கும் ரயில் என்று பெயர் வாங்கிய இந்தப் பாதை இங்கே வந்து சேர்ந்தது 2007 நவம்பர் 19-இல். ரயில் இங்கே நின்றாலும் பாலம் நிற்கவில்லை. நடைமேடைக் கோடியில் நின்று பார்த்தால் பரங்கிமலைப் பக்கம் அது போய்க்கொண்டே இருக்கிறது. வெறும் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு. 2008-இல் வேலை தொடங்கினார்கள். ஆதம்பாக்கம், தில்லை கங்கா நகர்ப் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு வந்து வருஷக்கணக்கில் அப்படியே கிடந்திருக்கிறது. இப்போது மறுபடி வேலை நடக்கிறது. என் தொழிலில் நானும் பார்த்திருக்கிறேன். கம்பி, சிமெண்ட்டுக்காக நின்ற வேலை ஆறு மாதத்தில் நகர்ந்துவிடும், பட்டாவுக்காக நின்ற வேலை நகராது.

வாசலில் பஜ்ஜி வண்டி. மிளகாய் பஜ்ஜி ஒன்று 10 ரூபாய். எங்கள் ஊர்ச் சட்னியில் பாதி காரம்கூட இல்லை. ஆனால் கேட்காமலே இரண்டாம் தடவை ஊற்றினார், அதற்கு ஒரு மதிப்பெண்.

டிசம்பர் 16, திங்கள் – திருவல்லிக்கேணி

மார்கழி ஒன்றாம் தேதி. விடியற்காலையில் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டேன். திருவல்லிக்கேணிக்கு டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. அதே தூரத்துக்கு ஆட்டோக்காரர் ஒருவர் நேற்று 350 என்று தொடங்கி, நான் நடக்க ஆரம்பித்ததும் 300-க்கு வந்தார். அதற்குக் கீழ் அவரும் வரவில்லை, நானும் ஏறவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தப் பாதை தன் கதையைத் தானே சொல்லும். பெருங்குடி வரை சதுப்பு நிலத்தின் மிச்சம், தண்ணீரில் கொக்குகள். தரமணி தாண்டியதும் கண்ணாடிக் கட்டடங்கள். திருவான்மியூரில் பாதிப் பெட்டி காலியாகிவிடுகிறது. எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை. அதற்கப்புறம் இந்திரா நகர், கஸ்தூரிபா நகர், கோட்டூர்புரம் என்று ரயில் ஊரின் கொல்லைப்புறமாகவே போகிறது. துணி காயும் மொட்டைமாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், கீழே கறுப்பாக ஒரு வாய்க்கால். கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின் மேல் போகிற அரை நிமிடம் மட்டும் வெளிச்சமும் காற்றும். பிறகு மறுபடியும் அந்தக் கறுப்புத் தண்ணீர்.

அந்த வாய்க்கால்தான் பக்கிங்காம் கால்வாய். இந்த ரயிலைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும் என்றால் அது இதுதான். ஊருக்குள் ரயில் விடத் தனியார் நிலத்தை எடுத்தால் செலவு, வழக்கு, சண்டை. கால்வாயோ அரசுப் புறம்போக்கு. பட்டாவைத் தூக்கிக்கொண்டு வர ஆள் இல்லை. அதனால் தண்ணீருக்குள்ளேயும் கரையிலும் தூணை இறக்கி அதன் தலைமேல் ரயிலை விட்டுவிட்டார்கள். இந்தியாவின் முதல் மேம்பால நகர ரயில் இதுதான். எண்பதுகளில் ஒப்புதல் வாங்கி, கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பர் 1-இல் ஓடத் தொடங்கியது. திருமயிலைக்கு 1997 அக்டோபர். திருவான்மியூருக்கு 2004 ஜனவரி 26. வேளச்சேரிக்குத்தான் 2007. ஏறக்குறைய 19 கிலோமீட்டர் பாதைக்கு இத்தனை தவணை. முதல் கட்டத்துக்கு ரயில்வேயே பணம் போட்டது. இரண்டாம் கட்டத்தில் மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கு, ரயில்வே ஒரு பங்கு.

கால்வாய் வழியாகப் போனதில் லாபம் நிலம், நட்டம் வாசல். கடைத்தெருவில் நிற்கிறவர் கண்ணுக்கு நிலையம் தெரிவதில்லை. திருவல்லிக்கேணியில் இறங்கிக் கீழே வந்தால் ஏதோ ஒரு சந்தில் நிற்கிறோம். "பெரிய தெருவுக்கு எப்படிப் போகணும்?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். அவர் பால் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, "எங்க, ரத்னா கஃபேவுக்கா?" என்று கேட்டார். வெளியூர்க்காரன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்போல. நான் கோயிலுக்கு என்றேன். "மொதல்ல பெருமாளப் பாரு, அப்புறம் சாம்பாரக் குடி" என்று வரிசைப்படுத்தி வழி சொன்னார்.

பார்த்தசாரதி கோயிலில் திருப்பாவைக் கூட்டம். தொன்னையில் வெண்பொங்கல் வாங்கவே நேரமாகிவிட்டது. நெய் கையிலேயே உறைந்தது, அந்த அளவுக்குக் காலைக் குளிர். (சென்னைக்காரர்கள் குளிர் என்று சொல்வதை நாங்கள் காற்று என்போம். ஆனாலும் குல்லாய் போட்டவர்களைப் பார்த்ததும் எனக்கும் குளிர ஆரம்பித்துவிட்டது.) பிறகு பாட்டி சொன்ன வரிசைப்படி ரத்னா கஃபே. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுக் குவளையிலிருந்து சாம்பாரை அது முங்குமட்டும் ஊற்றுகிறார்கள். எதிரே உட்கார்ந்தவர் இட்லியைத் தொடாமல் முதலில் சாம்பாரைக் கரண்டியால் குடித்துவிட்டு இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். பரிமாறுகிறவரும் அதுதான் நியாயம் என்கிற மாதிரி ஊற்றினார். அந்தச் சாம்பாரின் லேசான இனிப்பு திருநெல்வேலி நாக்குக்குப் பிடிபட இரண்டு இட்லி ஆனது. மூன்றாவது இட்லிக்கு நானும் கரண்டியை எடுத்துவிட்டேன்.

உலக செஸ் சாம்பியன் குகேஷ் இன்றைக்குச் சென்னை திரும்பினாராம். டீக்கடை டிவி முன்னால் நின்ற யாரும் டீயைக் குடிக்கவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய் – திருமயிலை

வானம் மூடிக்கொண்டு தூறல். இன்றைக்கு முழுக்கத் திருமயிலை நிலையத்துக்கு என்று முந்தின ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். அக்காவுக்கு இது புரியவில்லை. "மயிலாப்பூருக்குப் போறவன் கபாலீஸ்வரரப் பாப்பான், கச்சேரி கேப்பான். நீ ஸ்டேஷனயா பாக்கப் போற?"

மேலிருந்து கீழே வருகிறேன்.

உச்சியில் தண்டவாளம். நடுவில் இரண்டு பாதை, இரண்டு பக்கமும் நடைமேடை. ஒன்றில் வேளச்சேரி போகிற கூட்டம், எதிரே கடற்கரை போகிற கூட்டம். தலைக்கு மேல் உயரமான கூரை, அதன் குறுக்குக் கம்பிகளில் புறாக்கள். ரயில் உள்ளே நுழையும்போது முதலில் புறாக்கள் எழும்பும், பிறகு காலடியில் ஒரு சின்ன அதிர்வு, அதற்கப்புறம்தான் ஹாரன். கொஞ்ச நேரம் நின்றதில் எனக்கே இந்த வரிசை பழகி, புறா எழும்பியதும் பையைத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தேன்.

அதற்குக் கீழே இடைத்தளம். ஒரு நடைமேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போக இங்கே இறங்கித்தான் ஏறவேண்டும். இங்கேதான் காலி இடம் தொடங்குகிறது. படிக்கட்டை ஒட்டி நடப்பவர்களுக்கு ஒரு பத்தடி அகலம் போதும். அதற்கப்பால் தூண் வரிசை இருட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், இரண்டு கையும் முட்டவில்லை. மேலே ஓடுகிற ரயிலைத் தாங்க மட்டுமா இவ்வளவு கனம்? இத்தனை தளத்தையும் ஆளும் சரக்கும் நிறைக்கும் என்று கணக்குப் போட்டால்தான் இப்படித் தூண் வரும். அதற்கும் கீழே தெருமட்டத்தில் டிக்கெட் கூடம். அதற்கும் அடியில் கால்வாய்.

ஏன் இப்படி? டிக்கெட் காசில் நகர ரயில் பிழைக்காது என்பது உலகம் முழுக்கத் தெரிந்த கணக்கு. ஆகவே நிலையத்தைப் பெரிதாகக் கட்டு, மாடிகளைக் கடைக்கும் ஆபீசுக்கும் வாடகைக்கு விடு, அந்தக் காசில் ரயிலை ஓட்டு என்பது யோசனை. யோசனையில் தப்பில்லை. ஹாங்காங்கில் நிலையத்தின் தலைமேல் கட்டி விற்றுத்தான் பணம் பார்க்கிறார்கள். ஆனால் கடைக்காரன் மாடியைப் பார்த்து வருவதில்லை, காலடியைப் பார்த்து வருவான். கொல்லைப்புறத்தில் வாசல், இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில், இறங்கினால் மாறி ஏற ஒழுங்கான பஸ் இல்லை. இந்த லட்சணத்தில் இரண்டாம் மாடியில் யார் வந்து புடவை வாங்குவார்? நிலையத்துக்கு ஆள் வரட்டும் என்று கடை காத்திருந்தது, கடை வரட்டும் என்று நிலையம் காத்திருந்தது. திருமயிலை ஆறு வருஷத்துக்கு மேல் கடைசி நிறுத்தமாக வேறு இருந்தது. 1997-இலிருந்து 2004 வரை ரயில் இங்கே வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பாதி தூரம் போகிற ரயிலில் யார் ஏறுவார்கள்?

வேலைத்தரத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. கான்கிரீட்டில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக விழுந்த இடம் ஒன்றும் கண்ணில் படவில்லை. குறை வரைபடத்துக்கும் முன்னால், கணக்குப் போட்ட மேஜையில் இருக்கிறது.

படியிறங்கும்போது டப் என்று ஒரு சத்தம், என் வலது செருப்பின் வார். ஈரப்படியில் ஒற்றைக் காலில் நின்றவனை, பூக்கூடையோடு ஏறி வந்த அம்மா முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "எறங்கி ரைட்ல போ. பாலத்தடியில தைக்கிறவரு இருக்காரு." போனேன். ஒரு கோணிச்சாக்கு, மரப்பெட்டி, மேலே ரயில்பாலம் என்ற வலுவான கூரை. மழை அவரைத் தொடவே இல்லை.

"இன்னா சார், வாரு பூட்ச்சா? இது ஒட்டுனா நிக்காது, தச்சிடலாம்."

நூலை மெழுகில் இரண்டு இழுப்பு இழுத்தார். குத்தூசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நூலைக் கவ்விக்கொண்டு திரும்பியது. நான் கேட்காமலே இடது செருப்பையும் கழற்றச் சொல்லி அதிலும் நாலு தையல். "அதுவும் நாளைக்கு பூடும் சார், ஒரே வயசு தானே." இரண்டுக்கும் சேர்த்து 40 ரூபாய். 50 கொடுத்தேன். மீதியைத் தேடி எடுத்துக் கையில் வைத்துவிட்டார். மேலே மாடி காலியாகக் கிடக்கிறதே, அங்கே ஒரு கடை போட்டால் என்ன என்று கேட்டுவைத்தேன். "அங்க யார் சார் வருவா? வாரு அந்துபோனவன் மாடி ஏறுவானா?"

மொத்த ஆராய்ச்சியையும் அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். சுற்றிப் பார்த்தால் உண்மைதான். பாலத்தடியில் இஸ்திரி வண்டி, இளநீர், பழைய பேப்பர்க் கடை, மழைக்கு ஒதுங்கிய ஸ்விக்கி பையன்கள். நிலையத்துக்குள் வராத வியாபாரம் அதன் நிழலில் நடக்கிறது.

கீழே ஓடுகிற கால்வாயைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. 1806-இல் கோக்ரேன் என்ற வெள்ளைக்காரர் வடக்கே எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கியது, பிறகு ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டருக்கு நீண்டது. நான் நின்ற துண்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர், தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டியது. 1877–78. கூலிக்கு வழியில்லாத சனங்களுக்கு மண்வெட்டியைக் கொடுத்து வேலை காட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு, பெயர் அவருக்குப் போய்விட்டது. விறகும் உப்பும் படகில் ஊருக்குள் வந்த வழி இது. இப்போது தூணுக்கும் தூணுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தட்டி நிற்கிறது. பஞ்சத்தில் வெட்டியவர்கள் பெயர் கரையில் எங்கேயும் இல்லை.

லஸ் பக்கம் போனால் ரோடு முழுக்கத் தகரத் தடுப்பு. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் பாதையும், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லிப் பாதையும் திருமயிலையில் பூமிக்கடியில் ஒன்றையொன்று தாண்டப் போகின்றன. ஏறக்குறைய 35 மீட்டர் ஆழம். தடுப்புச் சந்தில் எட்டிப் பார்த்த என்னைக் காவலாளி விரட்டவில்லை. "நீங்களும் கட்டட லைனா சார்?" என்று கேட்டார். பார்க்கிற விதத்திலேயே தெரிந்துவிடுமாம். மேலே ஒரு நிலையம் ஆள் இல்லாமல் கிடக்க, கீழே இன்னொன்று. இந்தத் தடவை இரண்டையும் இணைத்து வழி விட்டால் மேலே இருப்பதற்கும் ஆயுசு கூடும்.

மதியம் முண்டகக்கண்ணியம்மன் கோயில். ரயிலில் அடுத்த நிறுத்தம்தான், நடந்தே போய்விட்டேன். பாதை வந்து பல வருஷம் கழித்து, 2014 தமிழ்ப் புத்தாண்டன்றுதான் இந்த நிலையத்தைத் திறந்தார்கள். ஆனால் நான் பார்க்க விரும்பியது கருவறை. அம்மனுக்கு இங்கே கான்கிரீட் கிடையாது, ஓலைக் கூரைதான். கட்டடம் வேண்டாம் என்பது அம்மன் உத்தரவு என்கிறார்கள். வருகிறவர்கள் வேப்பிலையோடும் பொங்கல் பானையோடும் வந்துகொண்டே இருக்கிறார்கள். நெரிசலில் என் புதுத்தையல் செருப்பை விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே சிரமப்பட்டேன்.

சபா கேன்டீன் ஒன்றில் சாப்பிடலாம் என்று போனால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பட்டுப்புடவை மாமி ஒருவர், "கச்சேரிக்கு இடம் கிடைச்சுடும், இங்கதான் கிடைக்காது" என்று சிரித்தார். மாடவீதியில் காளத்தி கடை ரோஸ்மில்க்கோடு பசியைச் சமாளித்து வீட்டுக்கு வந்து, அக்காவிடம் வசை வாங்கிக்கொண்டே ரசம் சாதம்.

டிசம்பர் 18, புதன் – சேப்பாக்கம்

சேப்பாக்கத்தில் ஸ்டேடியத்தின் முதுகை ஒட்டியே ரயில் போகிறது. விளக்குக் கோபுரங்கள் ஜன்னலில் பெரிதாகி மறைகின்றன. சரியாக அந்த இடத்தில் பெட்டிக்குள் ஒரு கல்லூரிப் பையன், "டேய், அஸ்வின் ரிட்டயர்டு ஆயிட்டாருடா!" என்று கத்தினான். பிரிஸ்பேனில் டெஸ்ட் முடிந்த கையோடு அறிவித்துவிட்டாராம். பெட்டியில் அதுவரை ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். 537 விக்கெட் என்றார் ஒருவர். செப்டம்பரில் இதே கிரவுண்டில் வங்கதேசத்துக்கு எதிராகச் செஞ்சுரி அடித்து ஆறு விக்கெட்டும் எடுத்தாரே என்றார் இன்னொருவர். "இங்க ஒரு மேட்ச் வெச்சு அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் அணியைத் தேர்வு செய்தவன் மாதிரி. நான் தலையாட்டிவைத்தேன்.

மெரினாவில் மழை. சுண்டல்காரர் மேல் இருந்த பாலிதீன் உறை என் சட்டையைவிடக் கனம். சுண்டல் 30 ரூபாய், மாங்காய் துருவல் தாராளம். அலையைப் பார்க்கவே முடியாதபடி காற்று மணலை வாரி அடித்தது. நனைந்து, தும்மி, திரும்பிவிட்டேன். இன்றைக்கு எழுத இவ்வளவுதான்.

டிசம்பர் 19, வியாழன் – சிந்தாதிரிப்பேட்டை, கடற்கரை

கடைசி வரை போய்விட வேண்டும் என்று கிளம்பினேன். சிந்தாதிரிப்பேட்டையில் நிலையம் கூவத்தின் கரையில். நெசவாளர்களுக்காக 1734-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த பேட்டை இது. தறிச் சத்தம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது மீன் மார்க்கெட்டுக்குப் பேர்போன இடம்.

இந்த நிலையத்துக்கு அண்மையில்தான் ஒரு கண்டம் கழிந்திருக்கிறது. கடற்கரை–எழும்பூர் நான்காவது தண்டவாளம் போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27-இலிருந்து, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஏழு மாதம் என்றார்கள். இந்த அக்டோபர் 29-இல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது, பதினாலு மாதம். எங்கள் தொழிலில் இதை ஆச்சரியமாகச் சொல்ல மாட்டோம், ஆனால் தினமும் போகிறவர்கள் விடுவார்களா? பக்கத்தில் உட்கார்ந்த அரசு ஊழியர் அந்தப் பதினாலு மாதமும் எந்த பஸ்ஸில் எங்கே மாறினார் என்று ஒப்பிக்கவே பூங்கா நகர் வந்துவிட்டது.

பூங்கா நகருக்கு முன்னால் ரயில் சரிவில் இறங்குகிறது. கொல்லைப்புற மாடிகள் மெல்ல மேலே போய், மரங்கள் தலைக்கு மேல் வந்து, தரை வந்துவிடுகிறது. அங்கிருந்து கோட்டை, கடற்கரை எல்லாம் சாதாரண ரயில் நிலையங்கள். அரண்மனை இல்லை, இருட்டுக்கூடம் இல்லை. நடைமேடையில் டீ 15 ரூபாய், சமோசா சூடு. இங்கே மட்டும் கூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. வாசலுக்கு வெளியே பாரிமுனையின் கடைத்தெரு.

திரும்பும்போது சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி மீன் வாங்கினேன். ஒரு கிலோ வஞ்சிரத்துக்கு 1,100 என்று சொன்ன அம்மா, நான் முகத்தைச் சுளித்ததும், "மார்கழில பாதி ஊரு கவிச்ச தொடாது, அதுக்கே இந்த வெல. தையில வந்து கேளு, அப்ப தெரியும்" என்றார். மழைக்குப் போட் போகவில்லை என்றார். சங்கரா 400-க்கு முடிந்தது. செதில் தட்டிக் கொடுக்க 30 தனி.

அடுத்த ரயிலில் விற்பனையாளர் பெட்டிப் பக்கம் ஒரு அம்மா காலி மீன்கூடைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். ஏறக் கை கொடுத்தேன். பெருங்குடி வரை பேச்சு. விடியும் முன்னே கூடையோடு வந்து, தெருத்தெருவாக விற்றுத் திரும்புகிறாராம். ரயில் நின்ற மாதங்களில் பஸ்ஸில் கூடையை ஏற்ற விடாமல், ஷேர் ஆட்டோவுக்கே பாதி லாபம் போயிருக்கிறது.

இந்த ரயிலை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப் பேச்சு நடக்கிறது என்று பேப்பரில் படித்ததைச் சொன்னேன். ஏசி வரும், நிலையங்களைச் சீர்செய்வார்கள், காலி மாடிகளுக்கும் ஒரு வழி பிறக்கும். எனக்கு அது நல்ல செய்தி. இவ்வளவு கான்கிரீட் வீணாய்க் கிடப்பது என் மாதிரி ஆளுக்குத் தாங்காது.

அவர் சும்மாட்டைப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டே கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி. டிக்கெட்டு அஞ்சு ரூவாயிலயே நிக்குமா? இந்தக் கூடையோட ஏத்துவானா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பெருங்குடியில் இறங்கிக்கொண்டார்.